இலக்குச் சூட்டுக்குக் கைத்துப்பாக்கி: மலையகத்தில் விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்கு

துப்பாக்கியை வாங்கிவிட்டு அனுமதிக்கு அலையாதீர்கள். ஹட்டன், பண்டாரவளைப் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் வெளிநாட்டுச் சொந்தக்காரர் மூலம் காற்றுக் கைத்துப்பாக்கி வரவழைத்தார்கள். துப்பாக்கி சுங்கத்தில் நின்றுபோனது. கடன் மட்டும் வீட்டில் மிஞ்சியது. அவர்களில் யாரும் சட்டத்தை ஏய்க்க நினைக்கவில்லை. “காற்றில் சுடுவதுதானே, அதற்கு எதற்கு லைசன்ஸ்?” என்று யாரோ சொன்னதை நம்பினார்கள், அவ்வளவுதான். அப்படிச் சொல்கிறவர் யாராயிருந்தாலும் நம்பாதீர்கள். துப்பாக்கிக்கும் அதன் குண்டுகளுக்கும் அனுமதி எழுத்தில் கைக்கு வரும்வரை ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள்.

இலங்கையின் துப்பாக்கிச் சட்டம் 1916ஆம் ஆண்டு வந்தது, பிறகு திருத்தப்பட்டது. உங்களுக்கு அதில் தெரிய வேண்டியது ஒன்றுதான். காட்டுப்பன்றி விரட்ட வாங்கும் தோட்டாத் துப்பாக்கிக்கு மாவட்ட செயலகம் போவார்கள். கைத்துப்பாக்கி பாதுகாப்பு அமைச்சின் கையில் இருக்கிறது. இது தெரியாமல் மாவட்ட செயலகத்து வரிசையில் நின்று நாள் சம்பளத்தை இழந்தவர்கள் உண்டு. பயிர்ப் பாதுகாப்புக்கு எடுத்த அனுமதி போட்டிக்குச் செல்லாது. தோட்டத்து ஐயாவின் பெயரிலோ மாமாவின் பெயரிலோ உள்ள துப்பாக்கியை நீங்கள் எடுத்துப் போனால் வழக்கு உங்கள் மேல்தான் வரும்.

ஆகவே முதல் படி கழகம். துப்பாக்கிச் சூட்டு விளையாட்டின் தேசிய சம்மேளனத்தோடு இணைந்த கழகமா என்று கேட்டுச் சேருங்கள். அங்கத்துவமும் பயிற்சிப் பதிவும் இல்லாமல் “விளையாட்டுக்குத்தான்” என்று சொன்னால் எந்த மேசையிலும் எடுபடாது. கழகத்தின் துப்பாக்கியிலேயே சில மாதம் பழகுங்கள்.

தொடங்குகிறவருக்கு 10 மீற்றர் காற்றுக் கைத்துப்பாக்கியே போதும்; தோட்டாவில் சுடும் .22 ரகத்தைப் பிறகு பார்க்கலாம். குண்டு 4.5 மில்லிமீற்றர். சர்வதேச விதிப்படி விசையை இழுக்கத் தேவையான பாரம் 500 கிராமுக்குக் குறையக்கூடாது, மொத்த எடை 1500 கிராமைத் தாண்டக்கூடாது. ஒற்றைக் கையால் பிடித்துச் சுட வேண்டும் என்பதால், பெயர்பெற்ற கம்பனியா என்று பார்ப்பதற்கு முன் பிடி உங்கள் உள்ளங்கைக்குப் பொருந்துகிறதா, இடக்கைக்காரருக்கு இடக்கைப் பிடியா என்று பாருங்கள். பழையதை வாங்கினால் குண்டைத் தள்ளும் காற்றை அடைத்திருக்கும் உருளையில் பொறித்த திகதியைப் பாருங்கள்: பத்து ஆண்டு கடந்த உருளையைப் போட்டியில் ஏற்கமாட்டார்கள். உருளையை 200 பார் அழுத்தத்துக்குக் காற்றால் நிரப்ப வேண்டும். அவ்வளவு அழுத்தத்தில் சுழியோடிகளின் உருளைகளை நிரப்பும் இடங்கள் பெரும்பாலும் கரையோரத்தில்தான் உள்ளன. நுவரெலியாவில் இருந்துகொண்டு எங்கே நிரப்புவீர்கள் என்பதை வாங்குமுன்பே கழகத்தில் கேட்டு முடிவு செய்யுங்கள்.

இனி, நம் ஆட்கள் உண்மையில் மாட்டிக்கொள்ளும் இடங்கள். முதலாவது பெயர். பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்து, அடையாள அட்டையில் வேறு எழுத்து, தகப்பன் பெயர் ஒன்றில் முன்னால், இன்னொன்றில் காணவே காணோம். தோட்டத்துப் பதிவுகளில் இது எத்தனை பேருக்கு இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். யாரோ ஒரு எழுதுவினைஞர் செய்த பிழைக்கு நீங்கள் சந்தேக நபராகிறீர்கள். விண்ணப்பிக்குமுன் இதைத் திருத்துங்கள். துப்பாக்கி விண்ணப்பத்தில் பெயர்க் குழப்பம் வந்தால் கோப்பு அப்படியே தூங்கும்.

இரண்டாவது விலாசம். ஒரே லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பத்துக் குடும்பத்துக்கும் தோட்டத்தின் பெயர்தான் விலாசம். கடிதம் தோட்ட அலுவலகத்தில் கிடந்து, பதில் கொடுக்க வேண்டிய நாள் கடந்தபின் கைக்கு வரும். கொழும்பில் வேலை செய்கிறவர்களுக்கு இன்னொரு சிக்கல்: வாக்காளர் இடாப்பில் பெயர் ஊரில் இருக்கும், ஆள் அங்கே இல்லை என்று கிராம சேவகர் வதிவிடச் சான்றிதழ் தரத் தயங்குவார். எந்த விலாசத்தில் பதிவோ அந்த ஒன்றையே எல்லாத் தாளிலும் எழுதுங்கள். துப்பாக்கியை எங்கே பூட்டி வைப்பீர்கள் என்ற கேள்விக்கும் இப்போதே பதில் வேண்டும். லயத்து மரப்பெட்டி பதிலாகாது. கழகத்தின் பாதுகாப்பில் வைக்கலாமா என்று விசாரியுங்கள்.

மூன்றாவது, பந்தாட்டம். கிராம சேவகர் பொலிஸுக்கு அனுப்புவார், பொலிஸ் அமைச்சின் கடிதம் கேட்கும், அமைச்சு பிரதேச செயலகத்தைக் காட்டும். ஒவ்வொரு முறையும் பஸ் காசும் ஒரு நாள் கூலியும் போகிறது. வாய்ப் பேச்சை ஏற்காதீர்கள். எந்தத் தாள் குறைகிறது, எந்த விதிப்படி என்று எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்த அலுவலகத்துத் தகவல் அதிகாரிக்கு விண்ணப்பம் போடுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று அவர் முடிவு சொல்லியாக வேண்டும். தேங்கிக் கிடந்த கோப்புகள் இந்த ஒரு தாளுக்கு நகர்ந்திருக்கின்றன. சிங்களப் படிவத்தை நீட்டி “இதுதான் இருக்கு” என்றால் தமிழில் கேளுங்கள். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தந்த உரிமை அது. விளங்காத படிவத்தில் கையெழுத்து வைக்காதீர்கள், முக்கியமாகக் குற்றப் பதிவு பற்றிய கேள்வி உள்ள பக்கத்தில்.

அலுவலக வாசலில் “நான் எடுத்துத் தாறேன்” என்று வருகிற தரகருக்கு அடையாள அட்டையின் பிரதியைக்கூடக் கொடுக்காதீர்கள். கட்டணத்தைக் கருமபீடத்தில் மட்டும் கட்டி, பற்றுச்சீட்டை வாங்குங்கள்.

அனுமதி ஒருமுறை கிடைத்தால் முடிந்தது என்று இருக்கவேண்டாம். அது டிசம்பர் 31உடன் காலாவதியாகும். டிசம்பரில் மழையும் மண்சரிவும் பாதையை மூடும், அலுவலகங்களில் ஆள் குறையும். ஒக்டோபரிலேயே புதுப்பிக்கும் வேலையைத் தொடங்கி, விண்ணப்பம் கொடுத்ததற்கான திகதி முத்திரையோடு ஒரு பிரதியை வைத்திருங்கள்.