ரோட்டவேட்டர் விட்டால் மல்ச்சிங் ஷீட் மக்கிவிடாது

"கேரட் இரண்டாகப் பிரிந்து கவை விடுகிறது, உரம் போட்டும் பயிர் மந்தம், பொட்டாஷ் குறைவா பாருங்கள்" என்று சொல்லிப் பரிசோதனைக்கு மண் மாதிரி வருகிறது. தட்டில் கொட்டினால் முதலில் கண்ணில் படுவது கறுப்புச் செதிலும் வெள்ளை நூலும். செதில், களை வராமலிருக்கப் பாத்தியில் விரிக்கும் பாலித்தீன் மல்ச்சிங் ஷீட்டுடையது, நூல் பிளாஸ்டிக் உரச் சாக்குடையது. நீலகிரியில் கேத்தி மண்ணானாலும் கோத்தகிரி மண்ணானாலும் இதே நிலைதான். பொட்டாஷை அப்புறம் பார்ப்போம்.

"போன போகத்து ஷீட்டை அப்படியே ரோட்டவேட்டரால் உழுதுவிட்டோம், இப்போது ஒன்றுமே தெரியவில்லை, மக்கிவிட்டது" என்கிறார்கள். மக்கவில்லை, நொறுங்கியிருக்கிறது! இரண்டும் ஒன்றல்ல. இலைதழையை நுண்ணுயிர்கள் தின்று தீர்ப்பதுதான் மக்குவது. பாலித்தீனை அவை அப்படித் தின்பதில்லை. ஒரு சதுர மீட்டர் ஷீட் ஒரு மில்லிமீட்டர் சதுரங்களாக நொறுங்கினால் 10 லட்சம் துண்டுகள். எடை குறையாது, வயலில் சட்டென்று கண்ணுக்குத்தான் தெரியாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஏக்கரில் 2,400 சதுர மீட்டருக்கு 25 மைக்ரான் தடிமனுள்ள ஷீட் விரித்தால் சுமார் 55 கிலோ. அதில் பத்தில் ஒரு பங்கை விட்டுவிட்டாலே போகத்துக்கு ஐந்தரைக் கிலோ பிளாஸ்டிக் உங்கள் மண்ணில் சேர்கிறது. 5 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் அது நுண்நெகிழி. அதன்பிறகு எந்த ஆளை விட்டும் பொறுக்க முடியாது.

"மக்கும் ஷீட்" என்று விற்பதையும் விசாரித்து வாங்குங்கள். மாவுப்பொருளிலிருந்து செய்யும் பிஎல்ஏ என்ற வகை ஒழுங்காக மக்க 60 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும். ஊட்டி மண்ணில் அது ஏது? வெயிலின் புற ஊதாக் கதிரோ 2,200 மீட்டர் உயரத்தில் சமவெளியைவிடக் கடுமை. ஆக, இங்கே ஷீட் சீக்கிரம் நொறுங்கும், மக்காது.

பயிருக்கு என்ன ஆகிறது? சாக்கு நூல் போன்ற நார்கள் மண்ணின் பொலபொலப்பைக் குலைக்கின்றன. ஷீட் துண்டுகள் மண்ணில் வெடிப்பு விழச் செய்து ஈரத்தைச் சீக்கிரம் ஆவியாக்குகின்றன. மிகச் சிறிய துகள்கள் விதைத்தோலின் துளைகளில் படிந்து முளைப்பைத் தாமதப்படுத்துவது சோதனையில் தெரிந்திருக்கிறது. பக்கவேர் கிளம்பும் இடத்து வெடிப்பு வழியாக அவை கோதுமைக்குள்ளும் லெட்டூஸுக்குள்ளும் நுழைவதை 2020இல் வெளியான ஆய்வு காட்டியது. கேரட்டுக்கு அவ்வளவு நுணுக்கம்கூட வேண்டாம். ஆணிவேர் கல்லில் முட்டினாலே கவை விடும், மடிந்து கிடக்கும் ஷீட்டில் முட்டினால் விடாதா? எல்லாப் பயிருக்கும் ஒரே அளவு சேதம் என்று சொல்லவில்லை. சில சோதனைகளில் வேர் கூடவும் செய்திருக்கிறது. ஆனால் ஒருமுறை கலந்தால் திரும்ப எடுக்க வழியில்லை.

சந்தேகமிருந்தால் வீட்டிலேயே பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் 350 கிராம் உப்பைக் கரைத்து, காய்ந்த மண் 100 கிராமைப் போட்டுக் கலக்கி இரவு முழுக்க விடுங்கள். மிதப்பதை வெள்ளைத் துணியில் வடித்து, பழுக்கக் காய்ச்சிய ஊசியால் தொடுங்கள். வேர்த்துணுக்கு கருகும். பிளாஸ்டிக் சுருண்டு உருகும்.

இனிச் செய்ய வேண்டியது. ஷீட் 25 மைக்ரானுக்குக் குறைந்து வாங்காதீர்கள், முடிந்தால் 30. மெல்லியது விலை குறைவு, ஆனால் முழுசாகக் கையோடு வராது. அறுவடை முடிந்த வாரமே எடுங்கள். செடியை அடியோடு வெட்டி, சொட்டுநீர்க் குழாயை உருவி, மண் லேசான ஈரத்தில் இருக்கும்போது ஓரத்தைக் களைக்கொத்தால் தளர்த்திச் சுருட்டுங்கள். பெரும்பாலும் தப்பு நடப்பது இங்கேதான்: வெயில் பட்ட மேல்பகுதி ஓரத்தோடு கிழிந்து கையில் வரும், மண்ணுக்குள் புதைத்த நான்கு விரல் அகலப் பட்டை அப்படியே தங்கிவிடும். அடுத்த உழவில் ரோட்டவேட்டர் கத்தி அதைத்தான் நறுக்குகிறது. அந்தப் பட்டையை எடுக்காமல் தயவுசெய்து வண்டியை இறக்காதீர்கள்.

சாக்கைக் கத்தியால் அறுக்காமல் தையல் நூலை இழுத்துப் பிரியுங்கள். காலிச் சாக்கை வெயிலில் போடாதீர்கள். கம்போஸ்ட் வாங்கினால் ஒரு கூடையைச் சலித்துப் பாருங்கள், கேரிபேக் துணுக்கு இருந்தால் லோடையே திருப்பி அனுப்புங்கள். ஷீட்டையும் சாக்கையும் கொளுத்தவும் வேண்டாம், உருகிய கட்டி மண்ணிலேயேதான் கிடக்கும். ஸ்ட்ராபெரிக்கு, விதை பிடிக்காத காய்ந்த புல்லே நல்ல மூடாக்கு.

சுருட்டிய ஷீட்டை வரப்பில் குவித்து வைக்காதீர்கள். ஐப்பசி மழை ஒன்று போதும், சரிவில் கீழே இருப்பவர் தோட்டத்துக்கும் ஓடைக்கும் அடித்துக்கொண்டு போய்விடும்.