கரிசல் மண்ணில் பேவர் பிளாக்: கல் ஏன் தூக்குகிறது, எப்படிப் பதிப்பது

கோவில்பட்டி, விருதுநகர், கோவைப் பக்கம் கொல்லையில் பேவர் பிளாக் பதித்த வீடுகளில் இரண்டு மழைக்காலம் போனதும் ஓரக் கற்கள் தூக்கிக்கொண்டு, நடுவில் தண்ணீர் தேங்கிக் கிடப்பதைப் பார்க்கலாம். பழி உடனே கல்லின் மேல் விழும். ஆள் நடமாட்டம் மட்டும் உள்ள இடத்துக்கு 50 மி.மீ. தடிப்பும் எம்-30 என்ற வலிமைத் தரமும் போதும் என்கிறது இந்தியத் தரநிலை ஐ.எஸ். 15658. கடையில் சாதாரணமாகக் கிடைப்பதோ 60 மி.மீ. கல். ஆகவே கோளாறு கல்லுக்கு அடியில்தான்.

கரிசலில் மான்ட்மோரில்லோனைட் என்ற களிமண் கனிமம் அதிகம். சீட்டுக்கட்டு போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தகடுகள் அவை. ஒவ்வொரு தகடும் ஏறக்குறைய ஒரு நானோமீட்டர் தடிப்பு. தகடுகளுக்கு இடையே தண்ணீர் புகுந்தால் மண் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். பிளாக் மூடிய தரையின் நடுப்பகுதியில் ஈரம் அவ்வளவாக மாறாது. ஓரமோ வெயிலில் காய்ந்து, மழையில் ஊறி, வருடா வருடம் ஏறி இறங்கும். சித்திரை வெயிலில் வெடித்துக் கிடக்கும் தரையில் பதித்தால் ஐப்பசி மழையில் ஓரம் தூக்குவது இதனால்தான். தை, மாசியில் மண் நடுத்தர ஈரத்தில் இருக்கும். வேலைக்கு அதுவே நல்ல காலம்.

மண் எவ்வளவு உப்பும் என்பதை வீட்டிலேயே சோதிக்கலாம். காய்ந்த மண்ணைப் பொடித்து நைசான சல்லடையில் சலித்து, 100 மி.லி. அளவுக் குழாய்கள் இரண்டில் 10 கிராம் வீதம் போடுங்கள். ஒன்றில் தண்ணீர், மற்றொன்றில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கிளறி, 24 மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். மண்ணெண்ணெய் தகடுகளுக்குள் புகாததால் அந்தக் குழாயில் மண் உப்பாது. அங்கே மண் 10 மி.லி.யில் நின்று, தண்ணீரில் 15 மி.லி.யைத் தாண்டினால் உப்பல் 50 சதவீதத்துக்கு மேல். அந்த மண்ணைச் சீர்படுத்தாமல் கல் வைப்பது வீண் செலவு.

10 அடிக்கு 12 அடி இடத்தை எடுத்துக்கொள்வோம். கல் 60 மி.மீ., மணல் 30 மி.மீ., அடித்தளம் 4 அங்குலம். ஆக ஏறக்குறைய 8 அங்குலம் தோண்ட வேண்டும். முடிந்த தரை வீட்டின் பேஸ்மட்டத்துக்கு 6 அங்குலமாவது கீழே இருக்கட்டும். இல்லையேல் சுவரில் ஓதம் ஏறும். வாட்டம் 60-க்கு 1. அதாவது சுவரிலிருந்து 10 அடி தள்ளிப் போகும்போது 2 அங்குலம் இறக்கம். இதை டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய மட்டக் குழாய்) வைத்துத் தோண்டும்போதே கொண்டுவந்துவிட வேண்டும். மணலைக் கூட்டிக் குறைத்து வாட்டம் கொடுப்பவர்கள் உண்டு. மணல் தடித்த இடம் பின்னால் கூடுதலாக அமுங்கும், பள்ளம் அங்கேதான் விழும்.

தோண்டிய தரையில் இன்னும் 6 அங்குலம் கொத்திவிட்டு நீர்த்த சுண்ணாம்பைக் கலக்கலாம். எடையில் 4 சதவீதம் என்று வைத்தால் 120 சதுர அடிக்கு ஏறத்தாழ 100 கிலோ. சுண்ணாம்பின் கால்சியம் அயனிகள் தகடுகளின் மேல் ஒட்டிக்கொண்டு தண்ணீர் புகும் இடத்தைக் குறைக்கின்றன. சுண்ணாம்புக்கல் பொடி இந்த வேலையைச் செய்யாது. கையுறையும் கண்ணாடியும் அவசியம், கண்ணில் பட்டால் புண்ணாக்கிவிடும். தண்ணீர் தெளித்து ஒரு நாள் ஊறவிட்டு இறுக்க வேண்டும். இதற்கு மாற்று, அந்த 6 அங்குலத்தையும் வெட்டி எடுத்துவிட்டு உப்பாத கிராவல் நிரப்புவது.

இறுக்குவதிலும் ஈரம்தான் கணக்கு. ஒவ்வொரு மண்ணும் ஒரு குறிப்பிட்ட ஈரத்தில்தான் மிக நெருக்கமாக இறுகும் என்று 1933-இல் அமெரிக்கப் பொறியாளர் பிராக்டர் காட்டினார். ஈரம் குறைந்தால் துகள்கள் உரசி நகர மறுக்கும்; கூடினால் இடைவெளியைத் தண்ணீரே பிடித்துக்கொள்ளும். கையில் பிடித்தால் உருண்டையாக நின்று, இடுப்பளவிலிருந்து போட்டால் நாலைந்து துண்டாக உடைய வேண்டும். அதுவே பதம். ஒரு தடவைக்கு 4 அங்குலத்துக்கு மேல் கொட்டாதீர்கள், அடியின் வேகம் கீழே போகப் போகக் குறைந்துவிடும். மூலைகளுக்குக் கையால் குத்தும் திமிசுக் கட்டை போதும், மற்ற இடத்துக்கு அதிர்வு கொடுத்து இறுக்கும் பிளேட் காம்பாக்டர் இயந்திரத்தை வாடகைக்கு எடுங்கள்.

அடித்தளத்துக்கு கிரஷரில் (ஜல்லி உடைக்கும் ஆலையில்) வெட்மிக்ஸ் கேளுங்கள்: பெரிய ஜல்லி முதல் தூள் வரை கலந்தது. 120 சதுர அடிக்கு, இறுகிய பின் 40 கன அடி வேண்டும். உதிரியாக 50 கன அடி, அதாவது அரை யூனிட் வாங்கணும். வெறும் 20 மி.மீ. ஜல்லியைப் பரப்பி மேலே மணல் கொட்டுவது நம் ஊரில் அதிகம் நடக்கும் தவறு. ஒரே அளவு ஜல்லியில் ஐந்தில் இரண்டு பங்கு வெற்றிடம். மழையில் மணல் அதற்குள் இறங்கிவிடும், கல் கூடவே இறங்கும். அடித்தளத்தைக் கல் வரிசைக்கு வெளியே அரை அடி நீட்டுங்கள். களிமண் மேலே ஏறாமலிருக்க அதன் அடியில், தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் ஜியோ டெக்ஸ்டைல் துணி விரிக்கலாம். பிளாஸ்டிக் தாள் கூடாது, தண்ணீர் நின்றுவிடும்.

ஓரத்தில் கற்களைப் பிடித்து நிறுத்தும் கெர்ப் கல்லை 1:2:4 (சிமென்ட், மணல், ஜல்லி) கான்கிரீட்டில் பதித்துவிட்டு மணலுக்கு வாருங்கள். கான்கிரீட்டுக்கான எம்-சாண்ட் 15 கன அடி போதும். கிரஷர் பவுடரில் உள்ள நுண்தூள் ஈரத்தைப் பிடித்து வைத்துக் குழையும். மணலோடு சிமென்ட் கலக்கச் சொல்வார்கள். அசையும் மண்மேல் அது விறைத்து வெடிக்கும், தேவையில்லை. இரண்டு பைப்புகளை வைத்து அதன்மேல் நேர்க்கட்டையை இழுத்து மட்டம் செய்த பிறகு மணலில் கால் வைக்காதீர்கள். பதித்த கல்லின்மேல் நின்றுகொண்டே முன்னேற வேண்டும்.

200-க்கு 100 மி.மீ. கல் என்றால் சேதாரத்தோடு 585 வேண்டும். ஒன்று 3 கிலோவுக்குச் சற்றுக் குறைவு, மொத்தம் ஏறக்குறைய 1.7 டன். மூலையிலிருந்து ஒரு பக்கம் 6 அடி, மறுபக்கம் 8 அடி குறித்து, குறுக்கே 10 அடி வருகிறதா என்று மூலைமட்டம் பாருங்கள். கற்களைக் குறுக்கும் நெடுக்குமாக மாற்றிக் கோக்கும் மீன்முள் வரிசைதான் நகராமல் நிற்கும். கல்லுக்கு இடையே 2 முதல் 4 மி.மீ. இடைவெளி விட்டு, முடிவு மட்டத்துக்கு 5 மி.மீ. மேலாகப் பதியுங்கள், அதிர்வு கொடுக்கும்போது இறங்கும். காம்பாக்டரை இருமுறை ஓட்டியபின் நன்றாகக் காய்ந்த நைஸ் மணலைத் தூவிப் பெருக்கி, மறுபடி ஓட்ட வேண்டும். இடுக்கில் இறுகிய இந்த மணலின் உராய்வுதான் ஒரு கல்லின் பாரத்தைப் பக்கத்துக் கல்லுக்குக் கடத்துகிறது. ஈர மணல் இடுக்கின் வாயிலேயே அடைத்துக்கொள்ளும்.

மொட்டைமாடி மழைக் குழாயைத் தரைமேல் கொட்டவிடாமல் மழைநீர்ச் சேகரிப்புத் தொட்டிக்குத் திருப்பிவிடுங்கள். ஒரு வாரம் கழித்து இடுக்குகளில் இறங்கியிருக்கும் மணலை ஈடுகட்டுங்கள். களை முளைத்தால் கையால் பிடுங்கினால் போதும்; பிரஷர் வாஷரைக் கிட்டத்தில் பிடித்தால் களையோடு இடுக்கு மணலும் போய்விடும், பிறகு முழுக்க மணல் தூவ வேண்டியிருக்கும்.