ஸ்பாண்டிலைட்டிஸ்: அழற்சியா, தேய்வா?

பெங்களூரின் எலக்ட்ரானிக் சிட்டியிலோ ஒயிட்ஃபீல்டிலோ வேலை பார்க்கும் தமிழர்கள் நாலு பேர் டீ குடிக்கச் சேர்ந்தால், ஒருவருக்காவது ‘ஸ்பாண்டிலைட்டிஸ்’ இருக்கும். நாள் முழுக்க லேப்டாப் பார்த்துப் பிடித்துக்கொண்ட கழுத்து, சில்க் போர்டு நெரிசலில் பைக் ஓட்டி நொந்த இடுப்பு, அல்சூரில் இருக்கும் பெரியம்மாவின் வயதான முதுகு, எல்லாவற்றுக்கும் இந்த ஒரே பெயர்தான். இவற்றில் பெரும்பாலானவை ஸ்பாண்டிலைட்டிஸே இல்லை.

கிரேக்க மொழியில் ‘ஸ்போண்டிலோஸ்’ என்றால் முள்ளெலும்பு. அதன் பின்னால் வரும் ‘ஐட்டிஸ்’ என்ற விகுதிக்கு முதலில் ‘அதைச் சார்ந்த’ என்றுதான் பொருள். ஆர்த்ரைட்டிஸ் என்றால் மூட்டைச் சார்ந்த நோய், அவ்வளவுதான். பிற்காலத்தில் மருத்துவர்கள் அந்த விகுதியை அழற்சிக்கென்றே ஒதுக்கிவிட்டார்கள். ‘ஓசிஸ்’ என்பது வேறு விகுதி. ஒரு நிலையை, மாற்றத்தைக் குறிப்பது. வயது ஏற ஏற முள்ளெலும்புகளும் இடைத்தட்டுகளும் தேய்வதற்குப் பெயர் ஸ்பாண்டிலோசிஸ். பெரியம்மாவுக்கு இருப்பது இதுதான். நம் ஊர் மருத்துவர்களே பலர் இதை ‘சர்விகல் ஸ்பாண்டிலைட்டிஸ்’ என்று சொல்லிப் பழக்கிவிட்டார்கள். அப்புறம் நோயாளியைக் குறை சொல்லி என்ன பயன்?

தமிழில் இந்தக் குழப்பத்துக்கு இடமில்லை. ஒன்று முள்ளெலும்புத் தேய்வு, இன்னொன்று முள்ளெலும்பு அழற்சி. சுழல் சுழற்சி ஆனதைப் போல அழல் அழற்சி ஆனது. அழல் என்றால் நெருப்பு. ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேரிலும் நெருப்புதான் இருக்கிறது. சில பத்திரிகைகள் அழற்சிக்குப் பதில் ‘வீக்கம்’ என்று எழுதுகின்றன. அது சரியில்லை. சிவப்பு, வீக்கம், சூடு, வலி என்று ரோமானிய எழுத்தாளர் செல்சஸ் முதலாம் நூற்றாண்டில் சொன்ன நான்கு அடையாளங்களில் வீக்கம் ஒன்று மட்டுமே. இன்னொரு தவறு, ‘தண்டுவட அழற்சி’ என்று எழுதுவது. தண்டுவடம் முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் திரள். அங்கே அழற்சி வந்தால் அது முற்றிலும் வேறு நோய். சித்த மருத்துவம் பித்தத்தை அழல் என்று சொல்வதையும் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

(பெங்களூர் ஆட்டோக்காரர் முதுகு வலியைக் கன்னடத்தில் ‘பென்னு நோவு’ என்று சொன்னால் நமக்கும் பாதி புரிந்துவிடும். நோவு நம்முடையதும்தான். பென்னுக்கும் உறவுண்டு: பழந்தமிழில் முதுகுக்கு வெரிந், வெந் என்று பெயர்.)

சரி, ‘ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ்’ என்று முழுப் பெயர் கொண்ட இந்த முள்ளெலும்பு அழற்சியை யார் மூட்டுகிறார்கள்? நம் நோயெதிர்ப்பு மண்டலமேதான். தசைநாரும் தசைநாணும் எலும்பில் போய்ப் பிடிக்கும் இடங்களையும், இடுப்பெலும்பும் முதுகெலும்பின் அடிப்பகுதியும் சேரும் மூட்டுகளையும் அது தாக்குகிறது. பல ஆண்டுகள் இது நடந்தால் அழற்சி பட்ட இடத்தில் புது எலும்பு வளர்ந்து, ஒரு முள்ளெலும்பை அடுத்ததோடு பாலம் போட்டு இணைத்துவிடும். எக்ஸ்ரேயில் கணுக்கணுவாகத் தெரிவதால் மருத்துவர்கள் அதை ‘மூங்கில் முதுகெலும்பு’ என்கிறார்கள்.

ரத்தப் பரிசோதனைச் சீட்டில் வரும் எச்.எல்.ஏ.-பி27 இந்தக் கதையின் முக்கியப் பாத்திரம். செல்லின் மேற்பரப்பில் இருந்துகொண்டு, உள்ளே கிடைக்கும் புரதத் துணுக்குகளை எதிர்ப்புச் செல்களிடம் எடுத்துக் காட்டும் மூலக்கூறு அது. இந்த நோய்க்கும் அதற்கும் உள்ள உறவை 1973ல் லண்டனிலும் லாஸ் ஏஞ்சலஸிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியே கண்டுபிடித்தன. நோயாளிகளில் மிகப் பெரும்பாலோரிடம் பி27 இருக்கிறது. ஆனால் பி27 உள்ளவர்களில் மிகச் சிலருக்கே நோய் வருகிறது. ஆகவே, சீட்டில் ‘பாசிட்டிவ்’ என்று பார்த்தவுடன் பயந்துபோய் ராத்திரி முழுக்க கூகுளில் தேட வேண்டியதில்லை. 2022ல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு ஒன்று, நோயாளிகளின் மூட்டிலும் கண்ணிலும் இருந்த டி செல்கள் என்ற எதிர்ப்புச் செல்களை ஆராய்ந்தது. அவற்றின் ஏற்பிகள், அதாவது துணுக்குகளைப் பிடித்து அறியும் மூலக்கூறுகள், பாக்டீரியாத் துணுக்கையும் உடலின் சொந்தத் துணுக்கையும் ஒன்றுபோலவே அடையாளம் காண்பதாக அது காட்டியது. கண் ஏன் வந்தது என்றால், இந்த நோயாளிகளில் சிலருக்குத் திடீரெனக் கண் சிவந்து வலிக்கும். அதுவும் இதே அழற்சிதான்.

தேய்வு வலி உழைத்தால் கூடும், படுத்தால் குறையும். அழற்சி வலி தலைகீழ். பெரும்பாலும் 45 வயதுக்கு முன்பே மெல்லத் தொடங்கும், பின்னிரவில் எழுப்பிவிடும், காலையில் குனிந்து சாக்ஸ் போட முடியாத விறைப்பு அரை மணிக்கு மேல் நீடிக்கும், நடந்தால் விட்டுக்கொடுக்கும், மீட்டிங்கில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் மறுபடி பிடித்துக்கொள்ளும். இப்படிப்பட்டவருக்கு இடுப்பு பெல்ட் மாட்டி ‘ரெஸ்ட் எடுங்க’ என்று சொன்னால் விறைப்பு கூடத்தான் செய்யும். சரியான பெயர் கிடைப்பதற்குள் சிலருக்குப் பல ஆண்டுகள் போய்விடுகின்றன.

முதுகின் விறைப்பைச் சோதிக்க மருத்துவரின் மேசையில் ஓர் எளிய கருவி உண்டு, தையற்காரரின் டேப். கீழ்முதுகில் பேனாவால் ஒரு கோடு, அதிலிருந்து 10 செ.மீ. மேலே இன்னொரு கோடு. முழங்காலை மடக்காமல் குனியச் சொல்வார். நலமான முதுகில் இடைவெளி 15 செ.மீ. அளவுக்கு விரியும். இறுகிய முதுகில் டேப் அசைவதே கஷ்டம்.

சிகிச்சையில் முதலில் வருபவை உடற்பயிற்சியும் அழற்சியைக் குறைக்கும் வலி மாத்திரைகளும். போதாதவர்களுக்கு டி.என்.எஃப். என்ற சைட்டோகைனைத் தடுக்கும் ஊசிகள். சைட்டோகைன் என்பது செல்கள் ஒன்றுக்கொன்று விடும் ரசாயனத் தூது. டி.என்.எஃப்.பின் விரிவுப் பெயரான ‘ட்யூமர் நெக்ரோசிஸ் ஃபேக்டர்’ என்பதில் புற்றுக்கட்டி வருவதைப் பார்த்துப் பதறுபவர்கள் உண்டு. எலிகளின் கட்டியை அழித்ததால் 1975ல் வைத்த பெயர் அது. இந்த ஊசி போட்டால் உடலில் உறங்கிக் கிடக்கும் காசநோய் விழித்துக்கொள்ளக்கூடும் என்பதால், தொடங்கும் முன் காசநோய்ப் பரிசோதனை கட்டாயம். ஐ.எல்.-17 என்ற இன்னொரு தூதைத் தடுக்கும் மருந்துகளும் இப்போது இருக்கின்றன.

முழுப் பெயரில் முன்னால் நிற்கும் ‘ஆங்கிலோசிங்’ என்பதற்குக் கிரேக்க வேரில் வளைந்தது என்று பொருள். மருத்துவத்தில் மூட்டு இறுகிப் பிணைவதைக் குறிக்கும். முள்ளெலும்புப் பிணைவழற்சி என்றால் தமிழில் பொருந்துகிறது. ஆனால் எல்லோருக்கும் எலும்பு பிணைவதில்லை. எக்ஸ்ரேயில் எதுவும் தெரியாத தொடக்கநிலை நோயாளிகளையும் சேர்க்கும்படி ‘ஆக்சியல் ஸ்பாண்டைலோ ஆர்த்ரைட்டிஸ்’ என்ற பெயர் 2009 முதல் பரவியது. அதை முதுகுசார் மூட்டழற்சி என்று சொல்லிவிடலாம். ரிப்போர்ட்டில் இரண்டில் எது இருந்தாலும் பார்க்க வேண்டியவர் ருமட்டாலஜிஸ்ட். அவரைத் தமிழில் வாதநோய் நிபுணர் என்கிறார்கள். பக்கவாதம் பார்ப்பவர் என்று நினைத்துக்கொண்டு போகாமல் இருந்துவிடுகிற ஆட்கள் இருப்பதால், மூட்டழற்சி மருத்துவர் என்பதே மேல்.