நாக்கைப் பதனிடும் டிப் டீ

சத்துவாச்சாரியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்: "கோயம்புத்தூரில் மகள் வீட்டுக்குப் போனால் டிப் டீ செக்கச்செவேலென்று இறங்குகிறது. அதே கம்பெனி, அதே டப்பாவை இங்கே வேலூரில் பிரித்துப் போட்டால் கறுத்துப்போகிறது. மேலே ஆடை மாதிரி ஏதோ மிதக்கிறது. குடித்தால் சப்பென்று இருக்கிறது. நம் ஊருக்கு மட்டும் கழித்த சரக்கை அனுப்புகிறார்களா?"

நியாயமான சந்தேகம்தான். சோதித்துப் பார்த்துவிட்டே பதில் எழுதலாம் என்று காட்பாடியில் ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்குப் போய், இருப்பதிலேயே விலை குறைந்த டிப் டீ ஐந்து வகை வாங்கி வந்தேன். ஒரு பை ஒன்றரை ரூபாயிலிருந்து மூன்று ரூபாய்க்குள் அடங்கும். பெயர்கள் வேண்டாம், ஒன்று முதல் ஐந்து வரை எண் போட்டுக்கொண்டேன்.

டீயை ருசி பார்ப்பதற்கென்றே ஐஎஸ்ஓ 3103 என்று ஒரு சர்வதேச விதிமுறை 1980-இல் வந்திருக்கிறது. 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம் தூள், 6 நிமிடம் ஊறல் என்பதுதான் அதன் சாரம். டீ போடுவதற்கு ஆறு பக்க விதிமுறையா என்று, இதன் பிரிட்டிஷ் வடிவத்துக்கு 1999-இல் வேடிக்கையான ஆராய்ச்சிகளுக்கென்றே தரப்படும் இக் நோபல் பரிசைக் கொடுத்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டும். ஆளாளுக்கு ஒரு மாதிரி போட்டுவிட்டு எது நல்ல டீ என்று சண்டை போட்டால் அந்தச் சண்டை முடியவே முடியாது. ஒரு டிப் டீ பையில் சுமார் 2 கிராம் தூள் இருக்கும் என்பதால் எனக்குக் கணக்கு சுலபமாகிவிட்டது.

பைக்குள் இருப்பது பெரும்பாலும் சிடிசி (நசுக்கு, கிழி, சுருட்டு) முறையில் தயாரான டஸ்ட். 1930-களில் அஸ்ஸாமில் பிறந்த முறை இது. பல் வைத்த உருளைகளுக்கு இடையில் இலை நசுங்கி, கிழிந்து, சுருண்டு வரும். செல்கள் கிழிந்ததும் உள்ளே தனித்தனியாக இருந்த நொதியும் கேட்டசின்கள் என்ற துவர்ப்புப் பொருள்களும் காற்றோடு சேர்ந்துவிடும். வெட்டிய வாழைக்காய் கறுக்கிறதே, அதே வகை நொதிதான். நிறமில்லாத கேட்டசின்கள் இங்கே தியாஃப்ளேவினாகவும் தியாரூபிஜினாகவும் மாறுகின்றன. முன்னது செம்பொன் நிறத்தையும் நாக்கில் சுறுக்கென்ற உணர்வையும் தரும், பின்னது பழுப்பு நிறத்தையும் கனத்தையும் தரும். துகள் பொடியாகப் பொடியாகத் தண்ணீர் படும் பரப்பு கூடும், சாறு சீக்கிரம் இறங்கும். குன்னூர் ஏலத்துக்கு வரும் டஸ்ட் ரகங்களில் அருமையானவை உண்டு. டஸ்ட் என்பது துகளின் அளவைச் சொல்லும் பெயர், தரத்தை அல்ல. அதைக் கூட்டிப் பெருக்கிய குப்பை என்று சொல்பவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை.

சரி, சோதனைக்கு வருவோம். நான், என் மனைவி, பக்கத்து வீட்டு பாய் என்று மூன்று பேர். பாய் பேரணாம்பட்டில் தோல் பதனிடும் டேனரியில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். பால் இல்லை, சர்க்கரை இல்லை. கரண்டியில் எடுத்துச் சத்தம்போட்டு உறிஞ்ச வேண்டும், அப்போதுதான் வாசனை தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும். என் மனைவிக்கு இந்தச் சத்தம் சகிக்கவில்லை. "ஏங்க, கழனித் தொட்டியில மாடு குடிக்கிற மாதிரி இருக்கு" என்றாள்.

மூன்று பேரும் ஒரே குரலில் தீர்ப்புச் சொன்னோம்: ஐந்தாம் எண் மோசம். ஒரே துவர்ப்பு, நாக்கு வறண்டு பல்லோடு ஒட்டிக்கொள்கிறது. முடிந்தது வேலை என்றுதான் நினைத்தேன். ஆனாலும் மனசு கேட்காமல் மறுநாள் வரிசையைத் தலைகீழாக்கி, டம்ளருக்கு அடியில் எண்ணை ஒட்டி மறைத்துக் கொடுத்தேன். இந்த முறையும் கடைசி டம்ளர்தான் மோசம் என்றார்கள். ஆனால் அது ஒன்றாம் எண். முந்தைய நாள் நாங்கள் மூவரும் பாராட்டிய டீ!

இந்த இடத்தில்தான் விஷயம் சுவாரஸ்யமாகிறது. நம் முன்னோர் துவர்ப்பை ஆறு சுவைகளில் ஒன்றாகச் சேர்த்தார்கள். இன்றைய ஆய்வாளர்களில் பெரும்பாலோர் அதைச் சுவை என்பதைவிடத் தொடு உணர்வு என்றே சொல்கிறார்கள். எச்சில் வெறும் தண்ணீர் அல்ல. அதில் புரோலின் என்ற அமினோ அமிலம் நிறைந்த நீளமான, தளர்வான புரதங்கள் மிதக்கின்றன. காதுக்கு முன்னால் இருக்கும் உமிழ்நீர்ச் சுரப்பி சுரக்கும் புரதத்தில் பெரும் பங்கு இவைதான். வாய்க்குள் நாக்கும் கன்னமும் உரசாமல் வழுக்கிப் போவதற்கு எச்சில் புரதங்கள்தான் எண்ணெய் போடுகின்றன. டீயில் இருக்கும் பாலிஃபீனால்கள், அதாவது நாம் பொதுவாக டேனின் என்று சொல்பவை, தட்டையான வளையங்களால் ஆனவை. புரோலினும் ஒரு வளையம்தான். தட்டோடு தட்டு அடுக்கினாற்போல இரண்டும் ஒட்டிக்கொள்ளும், பக்கவாட்டில் ஹைட்ரஜன் பிணைப்புகளும் கைகோத்துக்கொள்ளும். ஒரு டேனின் மூலக்கூறு இரண்டு புரதங்களை ஒரே நேரத்தில் பிடித்தால் அவை கொத்தாகச் சேர்ந்து படிந்துவிடும். எண்ணெய் போனது, உராய்வு வந்தது. அந்தச் சொரசொரப்பைத்தான் துவர்ப்பு என்கிறோம்.

இனிப்பு அடுத்தடுத்துச் சாப்பிட்டால் மழுங்கும். துவர்ப்பு அப்படி இல்லை, ஒவ்வொரு வாய்க்கும் ஏறிக்கொண்டே போகும். முதல் நான்கு டம்ளர்களே எச்சில் புரதத்தைச் செலவழித்துவிடுவதால் ஐந்தாவது டம்ளர் வறண்ட நாக்கில்தான் இறங்குகிறது. பாவம், அதில் என்ன டீ இருந்தாலும் திட்டு வாங்கும். மூன்றாம் நாள் ஒவ்வொரு டீக்கும் நடுவே ஒரு வாய் தண்ணீர், ஒரு துண்டு ரொட்டி, ஐந்து நிமிட இடைவெளி என்று வைத்தபோதுதான் முடிவுகள் ஒரு நிலைக்கு வந்தன.

இதையெல்லாம் பாயிடம் விளக்கியபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை. "ஆவாரம்பட்டைத் தண்ணியில கைய விட்டு வேலை செஞ்சா ரெண்டு நாளைக்குக் கை இப்படித்தான் இருக்கும் தம்பி, சொரசொரன்னு" என்றார்.

நம் வட ஆற்காட்டின் பழைய தொழிலே இந்த வேதியியல்தான். குரோமியத்தால் தோல் பதனிடும் முறை வருவதற்கு முன்னால் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் தோலை ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் ஊறப்போட்டுத்தான் பதனிட்டார்கள். தோலில் இருப்பது கொலாஜன், அதுவும் புரோலின் நிறைந்த புரதம். டேனின் அதன் நார்களுக்கு நடுவே புகுந்து, தண்ணீரை வெளியேற்றி, நாரோடு நாரைக் கட்டிவிடும். அதற்குப் பிறகு பாக்டீரியாவால் அதைத் தின்ன முடியாது. டீயின் பாலிஃபீனால்களும் பட்டையின் டேனின்களும் ஒரே பொருள் அல்ல, ஆனால் பிடிக்கும் விதம் ஒன்றே. ஒரு டம்ளர் கட்டங்காப்பி நிற டீ குடிக்கும்போது உங்கள் எச்சிலை லேசாகப் பதனிட்டுக்கொள்கிறீர்கள்.

நம்பாதவர்கள், கடையில் கிடைக்கும் ஜெலட்டின் தூளைக் கொஞ்சம் வெந்நீரில் கரைத்து, ஆறிய கெட்டி டிகாஷனில் சில சொட்டு விட்டுப் பாருங்கள். உடனே கலங்கும். ஜெலட்டின் என்பதே மாட்டுத் தோல், எலும்பிலிருந்து எடுத்த கொலாஜன்தான். உங்கள் டம்ளருக்குள் ஒரு சின்ன டேனரி ஓடுகிறது!

சின்ன வயதில் "டீ குடிச்சா கறுத்துப் போயிடுவே" என்று என் அம்மா மிரட்டுவார். டேனின் பிடிக்கும் இடம் வாயும் வயிறும். தோலின் நிறத்தைத் தீர்மானிக்கும் மெலனினோடு அதற்கு எந்தப் பேச்சுவார்த்தையும் கிடையாது. ஆனால் சாப்பாட்டோடு டீ குடித்தால் கீரை, பருப்பிலிருக்கும் இரும்புச்சத்தை அது பிடித்துவைத்துக்கொள்ளும் என்பது உண்மை. ரத்தசோகை இவ்வளவு இருக்கும் நாட்டில் பிள்ளைகளை மிரட்ட அந்தக் காரணத்தையல்லவா சொல்லியிருக்க வேண்டும்? ஆராய்ச்சிப் பணத்தைப் பற்றியும் எனக்கு இதே குறைதான். துவர்ப்பைச் சுவையாகச் சொன்ன பழைய நூல் சரியா என்று நிரூபிக்கச் செலவழிப்பதைவிட, துவர்ப்பு எப்படி வேலை செய்கிறது என்று கேட்கச் செலவழிக்கலாம். இரண்டாவது கேள்விக்குத்தான் எதிர்பாராத பதில்கள் வரும். டேனின் மிகுந்த சோளத்தை எலிகளுக்குக் கொடுத்தபோது சில நாட்களிலேயே அவற்றின் எச்சிலில் புரோலின் புரதம் பல மடங்கு கூடியதாக 1980-களிலேயே கண்டார்கள். நாக்கு பழகுவது என்பதற்கு எலியின் உடம்பில் ஒரு தொழிற்சாலையே இருக்கிறது.

பால் ஊற்றினால் துவர்ப்பு அடங்குவதும் இதே கதை. பாலின் புரதமான கேசினிலும் புரோலின் உண்டு. நாக்குக்கு வருவதற்கு முன்பே டம்ளரிலேயே டேனினைப் பிடித்துவிடுகிறது.

இப்போது கோயம்புத்தூர் கேள்வி. மூன்றாம் நாள் முடிவில் ஐந்து டீக்களுக்கும் நடுவே வித்தியாசம் சொற்பம்தான். இரண்டாம் எண் மட்டும் ஆறியதும் பால் விட்டதுபோலக் கலங்கியது. காஃபினும் தியாஃப்ளேவினும் சேர்ந்து திரள்வதால் வரும் கலங்கல் அது, டீ ருசிப்பவர்கள் அதை நல்ல அறிகுறியாகவே பார்ப்பார்கள். ஆனால் அதே இரண்டாம் எண்ணை எங்கள் வீட்டுப் போர் தண்ணீரில் ஒன்று, கேன் தண்ணீரில் ஒன்று போட்டுப் பக்கத்தில் வைத்தபோது, இரண்டும் ஒரே டப்பாவிலிருந்து வந்தவை என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள்.

பாலாறு வருஷத்தில் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஊரில் பாறையிடுக்குத் தண்ணீரை நம்பித்தான் பல தெருக்கள் இருக்கின்றன. அதில் கால்சியமும் பைகார்பனேட்டும் அதிகம். குடிநீருக்கான இந்தியத் தர விதி கடினத்தன்மை (கால்சியம் போன்ற உப்புகளின் அளவு) லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது, வேறு வழி இல்லாவிட்டால் 600 வரை பொறுத்துக்கொள்கிறது. இந்த உப்புத் தண்ணீர் காரத்தன்மை கொண்டது. அதில் டீயின் நிறமிகள் அயனியாகிக் கறுக்கும், சுறுக்கென்ற ருசியும் மங்கும். அந்த ஆடை என்ன என்பதை லண்டன் இம்பீரியல் கல்லூரியில் மைக்கேல் ஸ்பைரோவின் குழு ஆராய்ந்து 1993-இல் நேச்சர் இதழில் எழுதியது. டீயின் பாலிஃபீனால்கள் மேற்பரப்பில் காற்றோடு சேர்ந்து ஆக்சிஜனேற்றம் அடைகின்றன. அதற்குக் கால்சியமும் பைகார்பனேட்டும் இரண்டுமே வேண்டும், ஒன்று இல்லாவிட்டாலும் ஆடை படியாது. எலுமிச்சம்பழம் நாலு சொட்டு விட்டால் பைகார்பனேட் காலி, ஆடையும் காணாமல் போகும், நிறமும் வெளிறும்.

ஆகவே அம்மா, கழித்த சரக்கு ஒன்றும் வரவில்லை. உங்கள் மகள் வீட்டில் சுண்ணாம்பு குறைந்த சிறுவாணித் தண்ணீர் வருகிறது, அவ்வளவுதான். போர் தண்ணீரை நன்றாகக் கொதிக்கவிட்டு, தெளிந்த பின் மேலாக இறுத்து மறுபடி சுடவைத்து டீ போட்டால் கொஞ்சம் தேவலை. பானையின் அடியில் வெள்ளையாகப் படிவது உங்கள் டீக்குள் போகாத சுண்ணாம்பு. அடுத்த முறை மகள் வரும்போது ஒரு பாட்டில் சிறுவாணித் தண்ணீரும் கொண்டுவரச் சொல்லுங்கள். இரண்டு டம்ளரையும் ஜன்னலோரம் வைத்துப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். எதை முதலில் குடித்தீர்கள் என்பதையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.