வெள்ளிவாள்: ஒரே ஒரு கோடையில் பூத்து முடியும் மலைச்செடி

சாமந்தி, சூரியகாந்தி, கரிசலாங்கண்ணி மூன்றும் ஒரே குடும்பம். அந்தக் குடும்பத்தில் ஒரு குத்துச்செடி உலகிலேயே ஒரே ஒரு மலையில்தான் வளர்கிறது. ஹவாயின் மாவி தீவில் 3,055 மீட்டர் உயர்ந்து நிற்கும் ஹாலியாகலா எரிமலைதான் அது. ஆங்கிலத்தில் இதற்கு சில்வர்சோர்டு, வெள்ளிவாள் என்று பெயர். ஹவாய் மக்கள் இதன் சாம்பல் நிறத்தை வைத்து ஆஹினாஹினா என்கிறார்கள். 20 முதல் 90 ஆண்டுகள் வரை வெறும் இலைக்கொத்தாகவே இருக்கும். பிறகு ஒரு கோடையில் பூக்கும், விதை முற்றியதும் அடியோடு காய்ந்துவிடும்.

சுமார் 2,100 மீட்டருக்கு மேல்தான் இதன் இடம். கடலிலிருந்து வீசும் ஈரக்காற்று மலையேறி வரும்போது, மேலே ஒரு வெப்பக்காற்று அடுக்கு மூடிபோட்டதுபோல் அதைத் தடுத்துவிடுகிறது. அதனால் மேகம் பெரும்பாலும் கீழேயே தங்கிவிடும். மேலே சாம்பலும் எரிமலைச் சரளையும், மெல்லிய காற்றும் கடுவெயிலும். இரவில் பல நாள் உறைநிலைக்குக் குளிர்ந்துவிடும்.

இந்த இடத்தில் முதல் சிக்கல் குருத்து. புது இலைகள் பிறப்பது இலைக்கொத்தின் நட்டநடுவில். அங்கே குளிர் ஏறினால் செல் பிரிவது மந்தமாகி வளர்ச்சி நின்றுபோகும். இலைகள் அமைந்திருக்கும் விதமே இதற்கு வழி செய்கிறது. வாள்போல் ஒடுங்கிய இலைகள் நூற்றுக்கணக்கில் உள்வளைந்து அடுக்கடுக்காக நிற்கும். மொத்தத்தில் அது டார்ச் லைட்டின் குழிந்த கண்ணாடி மாதிரிதான். கண்ணாடி விளக்கொளியை வெளியே அனுப்புகிறது, இங்கே இலைகள் வெயிலைக் குருத்தின் மேல் குவிக்கின்றன. நண்பகலில் குருத்தின் வெப்பம் சுற்றுக் காற்றைவிட 20 டிகிரி செல்சியசுக்கு மேலும் கூடிவிடும். இலைகள் அப்படிச் சுடுவதில்லை. ஒடுக்கமாக இருப்பதால் காற்று பட்டதும் வெப்பத்தை இழந்துவிடுகின்றன. கீழே, காற்றே வெதுவெதுப்பான இடத்தில், இதே குழிவு குருத்தை வேகவைத்துவிடக் கூடும்.

இலையை அருகில் வைத்துப் பார்த்தால் வெள்ளிநிறம் எங்கிருந்து வருகிறது என்பது புரியும். இலை பச்சைதான். அதன் மேல் பட்டுநூல் போன்ற மயிர்கள் இழை தெரியாமல் படிந்திருக்கின்றன. சாதாரணப் பச்சை இலை தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். இந்த மயிர்ப்போர்வை கணிசமான ஒளியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. உள்ளே இன்னொரு ஏற்பாடு இருக்கிறது. கற்றாழை நீரைச் செல்லுக்குள் சேமிக்கிறது. வெள்ளிவாளில் செல்களுக்கு இடையே காற்று இருக்க வேண்டிய வெளிகளில், பெக்டின் கலந்த கூழ் நிறைந்திருக்கும். ஜாமை உறையவைக்கும் அதே பெக்டின்தான். மழை பெய்தால் கூழ் நீரை வாங்கிக்கொள்ளும். வறட்சியில் பக்கத்துச் செல்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும்.

இத்தனை ஆண்டுச் சேமிப்பும் செலவாவது ஒரே தண்டில். ஜூன் முதல் அக்டோபர் வரையிலான பருவத்தில் ஒட்டும் பசையோடு கூடிய தண்டு மேலெழும், சில 2 மீட்டர் உயரம். அதில் 50 முதல் 600 வரை கருஞ்சிவப்புப் பூந்தலைகள். சாமந்தியைப் போலவே, நாம் ஒரு பூ என்று நினைப்பது பல பூக்களின் கூட்டம். ஒரு பூந்தலையின் நடுவே சிறு பூக்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும். பெரிய தண்டென்றால் மொத்தக் கணக்கு லட்சத்தைத் தாண்டும்.

அத்தனை பூ இருந்தும் தனிச்செடியால் விதை கட்ட முடியாது. தன் மகரந்தத்தைத் தானே ஏற்காத செடி இது. அதே கோடையில் பக்கத்தில் இன்னொன்று பூத்திருக்க வேண்டும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மகரந்தம் கொண்டுபோகத் தேனீயும் வேண்டும். பூக்கும் எண்ணிக்கையோ ஆண்டுக்கு ஆண்டு தாறுமாறாக மாறும். 1970இல் ஒன்றுகூடப் பூக்கவில்லை, 1991இல் 6,632 பூத்தன. குறைவாகப் பூக்கும் ஆண்டில் தனியே நிற்கும் செடி பெரும்பாலும் பதரைத்தான் உதிர்க்கிறது. ஆயுள் முழுக்கச் சேர்த்தது அதோடு போயிற்று.

மகரந்தம் சுமப்பவை ஹைலியஸ் இனத்தைச் சேர்ந்த சிறு உள்ளூர்த் தேனீக்கள். இவற்றில் பல தரையில்தான் கூடு வைக்கும். 1967இல் இந்த மலையில் முதலில் பதிவான அர்ஜென்டினா எறும்பு அந்தக் கூடுகளுக்கு எமன். அதன் ராணிகள் பறந்துபோய்ப் புது இடம் பிடிப்பதில்லை, நடந்தே பரவுகின்றன. ஆகவே வேகம் குறைவு, ஆனால் போன இடத்தில் நிலைத்துவிடும்.

மனிதரால் வந்த சேதமும் பெரிது. ஆடுமாடுகள் தின்றன. வந்தவர்கள் ஞாபகத்துக்கு என்று பிடுங்கிப் போனார்கள், சரிவில் உருட்டியும் விளையாடினார்கள். 1935 வாக்கில் மிஞ்சியவை ஏறக்குறைய 4,000. பிடுங்குவது தடுக்கப்பட்டு, வேலியிட்டு ஆடுகள் அப்புறப்படுத்தப்பட்ட பின் 1991இல் எண்ணிக்கை 65,000ஐ நெருங்கியது. இன்றும் பாதையை விட்டு இறங்கி நடப்பது தவறு. வேர்கள் மேலாகவே ஓடுகின்றன, தளர்ந்த சரளையில் கால் வைத்தால் அவை நசுங்கும்.

1990களிலிருந்து எண்ணிக்கை மறுபடி சரிகிறது. இந்தமுறை காரணம் வறட்சி. அந்த வெப்பக்காற்று மூடி முன்னைவிட அடிக்கடி அமர்வதால் மேலே மழை குறைந்திருக்கிறது. வளரிடத்தின் கீழ் விளிம்பில்தான் சாவு அதிகம்.

நாற்று நட்டு ஈடுகட்டலாமே என்று தோன்றும். பக்கத்துப் பெரிய தீவிலுள்ள மௌனா கியா மலையில் வளரும் இன்னொரு வகை வெள்ளிவாளில் அதைச் செய்து பார்த்தார்கள். இயற்கையில் நூற்றுக்கும் குறைவாகச் சுருங்கிவிட்ட செடி அது. 1970களில் தொடங்கி நட்ட நூற்றுக்கணக்கான கன்றுகளின் மூலம் இரண்டே தாய்ச்செடிகள். எல்லாம் உடன்பிறப்புகள் என்பதால் ஒன்றின் மகரந்தத்தை மற்றொன்று பெரும்பாலும் ஏற்கவில்லை, பூத்தும் விதை குறைவு. பிறகுதான் முறையை மாற்றினார்கள். ஆடு எட்டாத பாறைச் சரிவுகளில் மிஞ்சியிருந்த காட்டுச்செடிகள் பூக்கும்போது மகரந்தத்தைச் சேகரித்து, கீழே கொண்டுவந்து, நட்ட செடிகளின் பூக்களில் கையால் தடவினார்கள். அப்படிக் கிடைத்த விதையிலிருந்து வளர்த்த நாற்றுகளைத்தான் அதன்பின் நட்டார்கள்.