அடங்கிய பல்வலியை நம்பாதீர்கள்

சென்ற வாரம் கானாடுகாத்தானிலிருந்து ஓர் ஆச்சி, கீழ்த்தாடையின் வலப்புறம் எலுமிச்சம்பழ அளவுக்கு வீங்கிய நிலையில், காரைக்குடியிலுள்ள என் சிகிச்சை அறைக்கு வந்தார். "பல்வலியெல்லாம் சித்திரையிலேயே போயிருச்சு தம்பி, இது வேற என்னமோ" என்றார். ஒரே மாதத்தில் இதே சொற்களை நான் கேட்பது நான்காம் முறை என்பதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பேத்தியின் கல்யாண வேலைகளுக்கு நடுவே வலி வந்திருக்கிறது. மருந்துக்கடை மாத்திரையும் கிராம்புமாகப் பத்து நாள் ஓட்டியிருக்கிறார். பிறகு வலி தானே நின்றுவிடவே, பல் குணமாகிவிட்டதென்று முடிவு கட்டிவிட்டார். நின்றது வலிதானே தவிர நோயன்று. பல்லின் உள்ளறையில் இரத்தக் குழாய்களும் நரம்பிழைகளும் நிறைந்த கூழ் இருக்கிறது. சொத்தை அதைத் தொட்டதும் கூழ் வீங்க முற்படுகிறது. சுற்றிலும் கெட்டிச் சுவர் என்பதால் வீங்க இடமில்லை. இரவில் தூங்கவிடாத அந்தக் குத்தல் அதனால்தான். சில நாள்களில் கூழ் செத்துப்போகிறது. செத்த நரம்பு வலியைச் சொல்லாது. நீங்கள் நிம்மதியாக இருக்கும் அந்த மாதங்களில் கிருமிகள் வேர்நுனி வழியாகத் தாடை எலும்பில் இறங்கிக்கொண்டிருக்கும். எக்ஸ்ரேயில் வேரின் நுனியில் கருமையாகத் தெரிவது அதுதான். "ஆன்டிபயாடிக் போட்டேனே" என்பவர்களுக்கு ஒரு கேள்வி: இரத்த ஓட்டமே நின்றுபோன பல்லுக்குள் மாத்திரை எந்த வழியாகப் போகும்?

வேர் சிகிச்சை என்றதும் வேரைப் பிடுங்குவதாக நினைத்து அஞ்சுகிறார்கள். வேர் அங்கேயேதான் இருக்கும். மரத்துப்போகும் ஊசி போட்டு, கெட்ட கூழை எடுத்து, வேரின் கால்வாய்களைச் சுத்தம் செய்து அடைக்கிறோம், அவ்வளவுதான். முன்பல்லில் பெரும்பாலும் ஒரு கால்வாய். மேல் கடைவாய்ப் பல்லில் பலருக்கு 4 இருக்கும், அந்த நான்காவது எங்கள் பொறுமையைச் சோதிக்கும். அடைக்கப் பயன்படும் கட்டாபெர்ச்சா, இவ்வூர்ப் பெரியவர்கள் கொண்டுவிற்கப் போன மலாயாவின் காடுகளில் வளரும் ஒரு மரத்தின் பாலிலிருந்து வருவது என்று சொன்னால், வயதானவர்கள் சற்றே சமாதானமாகி வாயைத் திறக்கிறார்கள்.

மேல் பல்லில் கை வைத்தால் கண் போய்விடும் என்ற பேச்சையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பார்வைக்குரியது மூளையிலிருந்து புறப்படும் 2-ஆவது நரம்பு. பல்லின் உணர்வைச் சுமப்பது 5-ஆவது. மாறாக, மேல் கோரைப்பல்லின் சீழைக் கவனிக்காமல் விட்டால், தொற்று கண்ணைச் சுற்றிலும் பரவக்கூடும்.

ஆச்சிக்குச் சர்க்கரையும் ஏறியிருந்தது. சீழை வடித்து, சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகே வேர் சிகிச்சையைத் தொடர முடிந்தது. சித்திரையிலேயே வந்திருந்தால் இரண்டு மூன்று முறை வந்துபோவதோடு முடிந்திருக்கும்.

பல்லில் குளிர்ச்சியோ சூடோ பட்டபின் கூச்சம் வெகுநேரம் நீடித்தாலும், ஈறில் சிறு கொப்புளம் வந்து வந்து மறைந்தாலும், பல் நிறம் மாறினாலும் தள்ளிப்போடாதீர்கள். புகையிலையைச் சொத்தையில் அடக்காதீர்கள். சர்க்கரை, இதய நோய் மாத்திரைகள் சாப்பிடுபவர்கள் அந்தச் சீட்டைக் கையோடு கொண்டுவாருங்கள். வீக்கம் கழுத்துக்கு இறங்கி, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் வந்தால், என்னைத் தேடி நேரத்தைப் போக்காமல் நேராகப் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

வெளியூர்களிலிருந்து கல்யாணத்துக்கும், முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கும் ஊருக்கு வந்து, "நாலு நாளில் முடித்துக் கொடுங்கள்" என்று கேட்பவர்களிடம் மன்றாடிக் கேட்கிறேன்: நான் வைத்தனுப்பும் தற்காலிக அடைப்பு சில வாரங்களுக்குத்தான் தாங்கும், அதோடு ஆறு மாதம் காணாமல் போய்விடாதீர்கள். போகிற ஊரிலாவது எக்ஸ்ரேயைக் காட்டிச் சிகிச்சையை முடித்துக்கொள்ளுங்கள். உள்ளே குடையப்பட்ட கடைவாய்ப் பல் எளிதில் பிளந்துவிடும் என்பதால், அதன்மேல் உறை போட்டுக்கொள்ளும்வரை சீப்புச் சீடை டின்னை மட்டும் திறக்க வேண்டாம்.