வீட்டிலேயே பழைய பைக் கட்டுகிறீர்களா? முதலில் போல்ட் மரையைப் பாருங்கள்

தண்டையார்பேட்டையில் எனக்கு ஒரு சின்ன பட்டறை. புல்லட், யெஸ்டி, ராஜ்தூத் என்று பழைய வண்டிகள்தான் அதிகம் வரும். கடந்த சில வருடங்களாகப் புதிதாக ஒரு வகை வண்டியும் வருகிறது. வண்டியின் எலும்புக்கூடான சேஸிஸ் ஒரு கம்பெனி, முன் சக்கரத்தைப் பிடிக்கும் போர்க் இன்னொரு கம்பெனி, டேங்க் வேறொன்று. மிச்சமெல்லாம் புதுப்பேட்டையிலும் காயலான் கடையிலும் பொறுக்கியது. பையன்கள் மொட்டை மாடியில் தார்பாய் விரித்துப் போட்டு மாதக்கணக்கில் உட்கார்ந்து கட்டுகிறார்கள்.

அவர்களை எனக்கு மிகவும் பிடிக்கும். நானும் அப்படிக் கற்றவன்தான். 1955-இல் தொடங்கிய, புல்லட் தயாரித்த என்ஃபீல்டு இந்தியாவின் தொழிற்சாலை திருவொற்றியூரில் இருந்ததால், இந்தப் பக்கம் புல்லட் சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்லும் பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்த ஆசை இங்கே காற்றில் கலந்தது. அது நல்லபடியாக இருக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

இப்படிக் கலந்து கட்டிய வண்டியில் எஞ்சினால் வரும் ஆபத்து குறைவு. இரண்டு கம்பெனி சாமான்கள் ஒன்றோடொன்று சேரும் இடம் இருக்கிறதே, அங்கேதான் எல்லாம் நடக்கிறது.

போன மழைக்காலத்தில் காசிமேட்டுத் தம்பி ஒருவர் தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். முழங்கை இரண்டிலும் தோல் உரிந்திருந்தது. புல்லட் சேஸிஸ், வேறு வண்டியின் போர்க், இன்னொரு வண்டியின் முன் வீல். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் போகும்போது பிரேக் பிடித்திருக்கிறார். சக்கரம் அப்படியே இறுகி ஆளைத் தூக்கிப் போட்டிருக்கிறது. பின்னால் வந்த லாரி இடைவெளி விட்டு வந்ததால் பிழைத்தார்.

டிரம் பிரேக்கைக் கழற்றிப் பார்த்தேன். பிரேக் ஷூ டிரம்மை அழுத்தும்போது, ஷூவைத் தாங்கும் பிளேட்டும் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றப் பார்க்கும். அதைச் சுற்றவிடாமல் போர்க்கோடு பிடித்து வைப்பது ஒரே ஒரு தாங்கல்தான். கம்பெனி வண்டியில் அதற்கென்று போர்க்கில் இடம் இருக்கும். போர்க் ஒன்று, வீல் ஒன்று என்றால் அந்த இடம் பொருந்தாது. தம்பி ஒரு பட்டையை வெட்டி, துளை போட்டு, ஒற்றை போல்ட்டில் மாட்டியிருந்தார். போல்ட் உருவிக்கொண்டது. பிளேட் சக்கரத்தோடு சுழன்று, பிரேக் வயரையும் இழுத்துச் சுற்றிக்கொண்டது.

அந்த போல்ட்டைத் தேடி எடுத்துப் பத்திரமாக வைத்திருந்தார். கையில் வாங்கிப் பார்த்ததும் விஷயம் புரிந்தது. எட்டு மில்லிமீட்டர் போல்ட். அது ஏறியிருந்த துளையோ பழைய பிரிட்டிஷ் அளவு, 5/16 அங்குலம். 5/16 என்றால் 7.94 மில்லி, கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் பிரிட்டிஷ் நுண்மரையில் ஓர் அங்குலத்துக்கு 22 மரை, எட்டு மில்லி சாதா போல்ட்டில் ஏறக்குறைய 20. மரையின் கோணமும் அதில் 55 டிகிரி, இதில் 60. கையால் திருகினால் இரண்டு மூன்று மரை சுகமாக ஏறும். அப்புறம் இறுகும். ‘நல்லா டைட் ஆயிடுச்சு’ என்று நினைத்து பானா (ஸ்பேனர்) போட்டு ஒரு இழு இழுத்தால், உள்ளே மரை நசுங்கிக்கொண்டே போகும். வெளியே பார்க்க முடுக்கின மாதிரியே இருக்கும். அந்த மூன்று மரை அதிர்வில் எத்தனை நாள் தாங்கும்?

பழைய புல்லட்டில் பல இடங்களில் பிரிட்டிஷ் மரை. யெஸ்டி, ராஜ்தூத், ஜப்பான் வண்டிகளில் எல்லாம் மில்லி மரை. கலந்து கட்டுபவர் முதலில் வாங்க வேண்டிய சாமான் மரை அளவு பார்க்கும் பிட்ச் கேஜ்தான். குரோம் சைலன்சர் அப்புறம். போல்ட் கையாலேயே கடைசி வரை ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் பானாவைத் தொடாதீர்கள். பிரேக், ஆக்ஸில், பின் சக்கரத்தைத் தாங்கும் சுவிங் ஆர்ம் மூன்றிலும் கிரீடம் போல வெட்டு வைத்த நட்டும், அது கழலாமல் பிடிக்கும் காட்டர் பின்னும் போட்டே ஆக வேண்டும். காட்டர் பின் விலை ஒரு டீயைவிடக் குறைவு.

அடுத்து டேங்க். இதைப் பற்றிப் பேசும்போது எனக்குக் கொஞ்சம் கோபமே வரும். ‘பெட்ரோல் ஒரு சொட்டு இல்லண்ணா, ரெண்டு நாள் வெயில்ல காய வெச்சேன், வெல்டிங் வைக்கலாம்ல?’ என்று கேட்கிறார்கள். காலி டேங்க்தான் வெடிக்கும். காற்றில் பெட்ரோல் ஆவி சுமார் 1.4 முதல் 7.6 சதவீதம் வரை கலந்திருந்தால் ஒரு பொறி போதும். பழைய டேங்கின் மடிப்பிலும் துருவுக்குள்ளும் பெட்ரோல் ஒளிந்திருக்கும். வெல்டிங் சூடு பட்டதும்தான் ஆவியாகி வெளியே வரும். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவரின் வலது கையில் முழங்கை வரை தீக்காயத் தழும்பு உண்டு. காய வைத்த டேங்க்தான். வெந்நீரும் சோப்புத்தூளும் போட்டுப் பலமுறை அலசி, ஒட்டுகிற இடத்துக்குச் சற்றுக் கீழ் வரை தண்ணீர் நிரப்பி, மூடியைத் திறந்து வைத்துத்தான் அவர் அதன் பிறகு நெருப்பு காட்டினார். வீட்டில் இதைச் செய்யவே வேண்டாம். டேங்க் வேலையே தொழிலாக வைத்திருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

வயரிங்கில் 6 வோல்ட் சாமானையும் 12 வோல்ட் சாமானையும் கலக்காதீர்கள், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் வையுங்கள். பழைய பிரேக் ஷூ தூளை வாயால் ஊதாதீர்கள், அதில் கல்நார் இருக்கலாம், ஈரத்துணியால் துடையுங்கள்.

சரி, ஆர்சி. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, கம்பெனி குறிப்பிட்டதற்கும் ஆர்சி விவரத்துக்கும் மாறாக வண்டியை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தில், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு ரூ.5,000 அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ‘வின்டேஜ் நம்பர் வாங்கிடலாம்ணா’ என்பார்கள். 2021-இல் வந்த விதிப்படி வின்டேஜ் என்றால் 50 வயதுக்கு மேல் ஆகி, பெரிய மாற்றமில்லாமல் அசல் உருவத்தில் இருக்க வேண்டும். அப்போதும் தினமும் ஓட்ட முடியாது, கண்காட்சி, பேரணி மாதிரியானவற்றுக்குத்தான். நாலு வண்டியைக் கலந்தது எந்தக் காலத்திலும் வின்டேஜ் ஆகாது. ஆர்சி இல்லாத சேஸிஸ் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். சேஸிஸ் நம்பரை ராவியிருந்தால் அது யாரோ ஒருவர் வீட்டு வாசலில் இருந்து போன வண்டியாக இருக்கலாம்.

காசிமேட்டுத் தம்பியின் சேஸிஸுக்கு ஒழுங்கான ஆர்சி இருந்தது. அதில் என்ன வண்டியோ அதாகவே திரும்பக் கட்டுவது என்று அவரே முடிவு செய்தார். மூன்று ஞாயிற்றுக்கிழமை அலைந்து அதே மாடல் புல்லட்டின் முன் போர்க்கைப் பிடித்துவிட்டார். போன வாரம் அதன் குழாய் இரண்டையும் வளைவு இருக்கிறதா என்று ஒரு கனமான கண்ணாடிப் பலகையில் உருட்டிப் பார்த்தோம். ஒன்று சத்தமில்லாமல் உருண்டது. இன்னொன்று ஒவ்வொரு சுற்றுக்கும் ‘டக்’ என்றது. அதை அவரே மூட்டைகட்டி எடுத்துக்கொண்டு கடைக்காரரிடம் மாற்றக் கிளம்பினார்.